வினை எங்கே நிற்கிறது? தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலம் பழக ஒரு வழிகாட்டி

ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, சேலத்தில் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்த முதல் நாளே கைப்பேசியை நீட்டினாள். தங்கிவிட்டுப் போன ஒருவர் அனுப்பியிருந்த மின்னஞ்சல். அதில் ஒரு வரி: "தி ரூம் வீ புக்ட் ஃபார் அவர் பேரன்ட்ஸ் ஹேட் பீன் கிவன் டு சம்ஒன் எல்ஸ்."

"இதுல எனக்குத் தெரியாத வார்த்தை ஒண்ணுகூட இல்லீங்க அக்கா. ஆனா மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினப்புறம்தான் இது புகார்னே தெரிஞ்சுது" என்றாள். ரூம், புக், பேரன்ட்ஸ், கிவன் என்று தெரிந்த சொற்களை வரிசையாகப் பொறுக்கி, 'அப்பா அம்மாவுக்கு ரூம் போட்டோம், கொடுத்தார்கள்' என்று அவளே ஒரு பொருளைக் கட்டிக்கொண்டாள். 'நன்றி, மீண்டும் வாருங்கள்' என்று பதிலும் போட்டுவிட்டாள். அந்த வரி சொல்வதோ வேறு: 'அப்பா அம்மாவுக்காக நாங்கள் பதிவு செய்திருந்த அறை வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தது.'

பள்ளியில் அத்தனை ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தவள் அவள். சொல் தெரியாதது அவள் குறையே இல்லை. தமிழில் நாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்தே பழகியவர்கள். 'போனான்', 'போகவில்லை', 'போயிருப்பான்' எல்லாம் வாலில்தான் வரும். ஒரு பெயரைப் பற்றிய விவரத்தை அந்தப் பெயருக்கு முன்னால் அடுக்குவோம்: 'நேற்று வந்த பையன்'. ஆங்கிலம் வினையை எழுவாயை ஒட்டி வைக்கிறது. விவரத்தைப் பெயருக்குப் பின்னால் தொங்கவிடுகிறது: 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. சொல்லகராதியையே மனப்பாடம் செய்தாலும் இந்தத் திருப்பம் பழகாதவரை பத்தி பிடிபடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், நமக்குள் இருக்கும் தமிழே ஆங்கிலத்துக்குத் துணையாக நிற்கும். 'தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும்' என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. கீழே சொல்வதெல்லாம் தமிழைக் கையில் வைத்துக்கொண்டே செய்யும் வேலை.

முதலில் நூலும் நேரமும்

காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலை இறக்கிக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பு முடித்தவர் ஆறாம் வகுப்பா என்று கூச வேண்டாம். எளிதாக இருந்தால் ஒரே வாரத்தில் தாண்டிவிடப் போகிறீர்கள்.

அதோடு இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் இதைவிடப் பலன் தந்த பொருள் வேறில்லை. ஏழு அல்லது எட்டாம் வகுப்பு அறிவியல் நூல் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் தனித்தனியாக அச்சாகிறது. பாடம் ஒன்றே, படம் ஒன்றே, மொழி மட்டும் இரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் தமிழில் ஒரு பத்தி. பொருள் மனதில் இருக்கும்போதே அதே பத்தியை ஆங்கிலத்தில். பொருளைத் தேட வேண்டியதில்லை என்பதால் வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில் மட்டும் கண் போகும். இப்படி இருமொழியிலும் சரிபார்த்து அச்சிட்ட நூல் நம் வீட்டு வாசலிலேயே கிடக்க, எத்தனையோ பேர் ஆயிரக்கணக்கில் கட்டி வகுப்பில் சேருவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு நூல் உங்களுக்கு ஏற்றதா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தில் நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றின் கீழ் கோடிடுங்கள். இரண்டு மூன்று என்றால் நல்ல நூல். ஐந்தைத் தாண்டினால் அதை மூடி வைத்துவிட்டு ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள். ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: நூற்றுக்குத் 98 சொற்கள் தெரிந்தவர்களே பெரும்பாலும் துணையில்லாமல் கதையைப் புரிந்துகொள்கிறார்கள். முதல் நாளே ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் கை வைத்துவிட்டு மூன்றாம் நாள் விட்டுவிடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

நேரம் நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் நாற்பது நிமிடம் மேல்.

சொற்கள்

உங்கள் வாயில் ஏற்கெனவே பல நூறு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. அட்ஜஸ்ட், டென்ஷன், கரெக்ட், லேட், கேன்சல், பேலன்ஸ். ஒரு நாள் முழுக்க, காலையில் பால் வாங்குவதிலிருந்து இரவு வரை, நீங்களும் சுற்றியிருப்பவர்களும் பேசும் ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் ஒரே நாளில் தாளின் இரண்டு பக்கத்தையும் நிரப்பிக் கொண்டுவந்தார். 'எனக்கு இங்கிலீஷ் ஒண்ணுமே தெரியாது' என்றுதான் அதற்கு முந்தைய வாரம் சொல்லியிருந்தார்.

ஆனால் அந்தச் சொற்களில் சில நம்மிடம் வந்து வேறு பொருள் பிடித்துக்கொண்டவை. நாம் சாப்பிடப் போவது ஹோட்டல். ஆங்கிலத்தில் ஹோட்டல் தங்கும் இடம், சாப்பிடும் இடம் ரெஸ்டாரன்ட். நமக்கு 'மெஸ்' என்றால் வீட்டுச் சாப்பாடு போடும் கடை; ஒருவர் உங்கள் அறையைப் பார்த்து 'வாட் எ மெஸ்' என்றால் அலங்கோலமாகக் கிடக்கிறது என்று பொருள். வகுப்பில் கை தூக்கி 'ஐ ஹேவ் எ டவுட்' என்கிறோம். வெளிநாட்டவர் காதில் அது 'நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை' என்பதுபோல விழலாம். அங்கே 'ஐ ஹேவ் எ க்வெஸ்ச்சன்' என்பதே சரி. கரண்ட் போனால் 'பவர் கட்'. உங்கள் பட்டியலை அகராதியோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து சிக்கும்.

சொற்கள் நம் பக்கத்திலிருந்து அங்கே போனதும் உண்டு. சுருட்டு 'செரூட்' ஆனது, கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனது. சேலத்து மாம்பழத்தை 'மேங்கோ' என்று விற்கிறோமே, அந்தச் சொல்லும் இந்தப் பக்கத்து 'மாங்காய்' போர்ச்சுகீசியர் வாயில் 'மங்கா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனதுதான். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆங்கிலம் எங்கோ உயரத்தில் இருக்கும் பொருள் என்ற அச்சம் கொஞ்சம் விலகுகிறது.

புதுச்சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அதன் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்த்து எழுதுங்கள். 'மிஸ்டேக்' என்று மட்டும் எழுதிவைத்தவர், 'தப்பு செய்தேன்' என்ற தமிழை அப்படியே திருப்பி 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்பார். 'மேக் எ மிஸ்டேக்' என்று சேர்த்து எழுதியிருந்தால் அந்தத் தப்பே வராது. 'டூ ஹோம்வொர்க்', 'கேட்ச் எ பஸ்', 'டேக் எ ஃபோட்டோ' எல்லாம் இப்படித்தான். சில ஜோடிகள் தமிழிலும் ஒன்றாகவே இருக்கும்: கனமழை, 'ஹெவி ரெய்ன்'. பல அப்படி இருக்காது. எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று குறித்து வைப்பதே நல்ல பயிற்சி.

நினைவில் நிறுத்துவதற்கு வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் போதும். அட்டையை நான்காக நறுக்குங்கள். ஒரு பக்கம் ஆங்கில வாக்கியம், புதுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. மறுபக்கம் அந்தச் சொல்லும் தமிழ்ப் பொருளும். மூன்று டப்பா வைத்துக்கொள்ளுங்கள். முதல் டப்பாவில் உள்ளதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் டப்பாவுக்குப் போகும். அதை மூன்று நாளைக்கு ஒருமுறை. அங்கும் சரியாகச் சொன்னால் மூன்றாம் டப்பா. அது வாரம் ஒருமுறை. எங்கே தவறினாலும் அட்டை முதல் டப்பாவுக்கே திரும்ப வேண்டும். படித்தது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். மறக்கப் போகும் நேரம் பார்த்து மீண்டும் நினைவுபடுத்தினால் நிற்கும் என்பதே இந்த டப்பா முறையின் அடிப்படை. லைட்னர் என்ற எழுத்தாளர் 1970-களில் இதைப் பரப்பினார். நாளுக்குப் புது அட்டை ஐந்துக்கு மேல் வேண்டாம்.

இலக்கணம்: நாம் இடறும் இடங்கள்

இலக்கண நூலை முதல் பக்கத்திலிருந்து படிப்பது வீண் வேலை என்பது என் எண்ணம். தமிழர்கள் இடறும் இடங்கள் எண்ணிவிடக் கூடியவை. அவற்றை மட்டும் எடுத்து அடியுங்கள்.

'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள் முதலில். 'எனக்கு இரண்டு தங்கைகள்', 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் காய்ச்சல்', 'எனக்கு இருபது வயது'. தமிழில் எல்லாம் ஒரே 'கு'. ஆங்கிலத்தில் எல்லாம் 'ஐ' என்று தொடங்கி, பிறகு பிரியும்: ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ், ஐ நோ, ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹேவ் எ ஃபீவர், ஐ ஆம் ட்வென்டி. 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்', 'ஐ ஆம் நோயிங்' என்று 'இங்' போடுவது நம் ஊர்ப் பழக்கம். உடைமை, அறிவு, விருப்பம் இவற்றுக்கு 'இங்' வேண்டாம். 'எனக்கு' என்று தொடங்கும் இருபது தமிழ் வாக்கியங்களை எழுதி மாற்றிப் பாருங்கள். இரண்டு நாள் வேலை.

அடுத்து 'டிட்'. தமிழில் 'போனாயா?' என்னும்போது காலம் ஒரு முறைதான் வருகிறது. ஆங்கிலத்திலும் ஒரு முறைதான். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். 'டிட் யூ கோ?' என்றால் போதும். 'டிட் யூ வென்ட்?' என்பது 'போனானாயா?' என்பதுபோல. 'டஸ்' வந்தால் வினையின் வாலில் உள்ள 'எஸ்' கழன்று அதனிடம் போய்விடுவதும் இதே கணக்கு: 'ஷீ வொர்க்ஸ்', ஆனால் 'டஸ் ஷீ வொர்க்?'

'நேற்று வந்திருக்கிறேன்' என்ற நினைப்பில் 'ஐ ஹேவ் கம் யெஸ்டர்டே' என்கிறோம். நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன காலம் வாக்கியத்தில் இருந்தால் 'ஹேவ்' வராது: 'ஐ கேம் யெஸ்டர்டே'. காலத்தைச் சொல்லாமல், நடந்ததன் பலன் இப்போதும் இருக்கிறது என்றால் 'ஹேவ்': 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ', சாவி இன்னும் கிடைக்கவில்லை.

பலரும் கைவிட்டுவிடும் இடம் 'எ', 'தி'. 'தமிழில் இது கிடையாது, எங்களுக்கு வராது' என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாம்பழக் காலத்தில் கடைவீதிக்குப் போய் வந்து 'மல்கோவா வாங்கினேன்' என்றால் ஏதோ மல்கோவா. 'மல்கோவாவை வாங்கினேன்' என்றால்? கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த, பேச்சில் வந்த அந்தப் பழம். 'நேத்துப் பார்த்துட்டு வந்தோமே, அந்த மல்கோவாவை வாங்கிட்டீங்களா?' என்று வீட்டில் கேட்பார்கள். அந்தச் சிறிய 'ஐ' உருபு செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது. 'ஐ பாட் எ மேங்கோ', 'ஐ பாட் தி மேங்கோ'. இந்த வேறுபாடு பிறந்ததிலிருந்து உங்கள் காதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை எங்கே ஒட்டுவது என்பது மட்டும்தான் புதிது. ஒரு எச்சரிக்கை: மனிதர்களைச் சொல்லும்போது தமிழில் 'ஐ' கட்டாயம் வந்துவிடும், 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்பதுபோல. அங்கே 'ஒரு' இருப்பதைப் பார்த்து 'எ' போடுங்கள்.

ஊர்ப்பெயர்களில் இதைப் பழகலாம். சேலம், ஏற்காடு, ஏற்காட்டு ஏரி எதற்கும் 'தி' கிடையாது. மலைத்தொடருக்கும் ஆற்றுக்கும் உண்டு: 'தி ஷெவராய் ஹில்ஸ்', 'தி காவேரி'. 'எ' வேண்டுமா 'அன்' வேண்டுமா என்பதைக் காதை வைத்து முடிவு செய்யுங்கள், எழுத்தை வைத்து அல்ல. 'அன் ஹவர்', 'எ யுனிவர்சிட்டி', 'அன் எம்எல்ஏ'.

மலைமேல் எனக்குப் பிடித்த இலக்கணப் பாடம் ஒன்று இருக்கிறது. லேடீஸ் சீட். தமிழில் எழுதினால் பேருந்தில் பெண்கள் உட்காரும் இருக்கையும் இதுவும் ஒன்றுபோலத் தெரியும். ஆங்கிலத்தில் எழுத்து வேறு. வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் மாலை நேரத்தில் உட்கார்ந்து கீழே சமவெளியைப் பார்த்த இடம் என்று சொல்வார்கள். ஒரே ஒரு 'லேடி', அதன்பின் மேலே சிறு கீற்று, அதன்பின் 'எஸ்'. பேருந்து இருக்கை பல பெண்களுக்கானது. 'லேடீஸ்' என்று பன்மையை முழுதாக எழுதி முடித்து, கீற்றைக் கடைசியில் வைக்க வேண்டும். பக்கத்திலேயே 'சில்ட்ரன்ஸ் சீட்' இருக்கிறது. 'சில்ட்ரன்' தானே பன்மை. 'எஸ்' இல்லாத பன்மை என்பதால் கீற்று வைத்து 'எஸ்' சேர்க்கிறோம். மூன்றும் தமிழில் 'உடைய'. அடுத்த முறை மேலே போனால் அங்குள்ள பலகைகளில் கீற்று எங்கே நிற்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இரவில் ஐந்தே வாக்கியம் எழுதுங்கள், அன்று நடந்ததைப் பற்றி. 'ஐ ஏட் எ தட்டுவடை செட் நியர் தி பஸ் ஸ்டாண்ட்' என்ற அளவில் இருந்தால் போதும். எழுதி முடித்து மேலே சொன்ன இடங்களை மட்டும் சரிபாருங்கள்.

வாசித்துப் புரிந்துகொள்வது

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். பென்சில் இல்லாமல் உட்காராதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் சேலம் கலெக்டராக இருந்த கோபர்ன் பற்றிய இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

"காஃபி, விச் வாஸ் பிராட் டு தி ஷெவராய் ஹில்ஸ் இன் தி எய்ட்டீன் ட்வென்டீஸ் பை எம். டி. கோபர்ன், தி கலெக்டர் ஆஃப் சேலம், இஸ் ஸ்டில் க்ரோன் இன் தி ஷேட் ஆஃப் சில்வர் ஓக் ட்ரீஸ்."

முதல் வேலை, வினைகளின் கீழ் கோடு. 'வாஸ் பிராட்' ஒன்று, 'இஸ் க்ரோன்' இன்னொன்று. இரண்டில் எது தலைவன்? 'ஹூ', 'விச்', 'தட்' என்ற சொற்களை ஒட்டி வரும் வினை துணைக்கு வந்தது. ஆகவே 'வாஸ் பிராட்' தலைவன் இல்லை. 'விச்' தொடங்கி 'சேலம்' வரை ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு வெளியே மிஞ்சுவது: காஃபி இஸ் ஸ்டில் க்ரோன். காபி இன்னும் வளர்க்கப்படுகிறது. வாக்கியத்தின் உயிர் அவ்வளவுதான்.

இப்போது வட்டத்துக்குள் இருப்பதைத் தூக்கி, தமிழ் வழக்கப்படி 'காபி'க்கு முன்னால் வையுங்கள். '1820-களில் சேலம் கலெக்டர் கோபர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபி, இன்றும் சில்வர் ஓக் மர நிழலில் வளர்க்கப்படுகிறது.' ஆங்கிலத்தில் காபிக்குப் பின்னால் நின்றதெல்லாம் தமிழில் முன்னால் வந்து நிற்பதைக் கவனியுங்கள். இந்தத் திருப்பத்தை ஒரு மாதம் எழுதிச் செய்தால், பிறகு எழுதாமலே கண் செய்துகொள்ளும்.

(அந்தக் கலெக்டரின் பெயரை ஆங்கிலத்தில் பார்த்தால் நடுவில் இன்னும் இரண்டு எழுத்து இருக்கும், அவை வாயில் வராது. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் நம் மொழியில்போல ஒட்டிப் போவதில்லை. ஆகவே புதுச்சொல்லை அகராதிச் செயலியில் ஒலிக்கவிட்டுக் கேட்காமல் அட்டையில் எழுதாதீர்கள்.)

லாட்ஜ் தங்கையின் வரியில் 'விச்' இல்லை, 'தட்' இல்லை. அவள் தடுமாறியது அதனால்தான். 'தி ரூம் வீ' என்று ஒரு பெயரை ஒட்டி உடனே 'வீ', 'ஹீ', 'தே' போன்ற இன்னோர் எழுவாய் வந்தால் நடுவில் ஒரு 'தட்' ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வட்டம் தொடங்குகிறது. 'வீ புக்ட் ஃபார் அவர் பேரன்ட்ஸ்' முழுதும் வட்டத்துக்குள். வெளியே நிற்பது 'தி ரூம் ஹேட் பீன் கிவன்': அறை கொடுக்கப்பட்டிருந்தது. யாருக்கு? 'சம்ஒன் எல்ஸ்', வேறு யாருக்கோ.

இன்னொரு பொறி: 'தி மேங்கோஸ் சோல்ட் ஹியர் ஆர் ஸ்வீட்.' 'சோல்ட்' என்பதைப் பார்த்ததும் 'விற்றன' என்று முடித்துவிடத் தோன்றும். அதன்பின் 'ஆர்' வருகிறதே! ஆக 'சோல்ட்' இங்கே 'விற்கப்படும்' என்று மாம்பழத்துக்கு விவரம் சொல்கிறது. 'இங்கே விற்கும் மாம்பழங்கள் இனிப்பானவை.' வினை என்று நினைத்த ஒன்றுக்குப் பிறகு இன்னொரு வினை வந்தால், முதலில் பிடித்ததை விட்டுவிடத் தயாராக இருங்கள்.

வாக்கியங்களை இணைக்கும் கீல்களையும் தனியாகப் பழக வேண்டும். தமிழில் 'மழை பெய்தாலும்' என்று கீல் வினையின் வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வாசலிலேயே நிற்கும்: 'ஆல்தோ'. 'அன்லெஸ்' என்றால் 'ஆவிட்டால்': 'அன்லெஸ் இட் ரெய்ன்ஸ்', மழை பெய்யாவிட்டால். 'அன்லெஸ்'ஸுக்குள்ளேயே 'இல்லை' இருப்பதைக் காணாமல் தேர்வில் மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவர்கள் நிறைய. 'இட்', 'தே', 'திஸ்' வரும் இடங்களில் அது எதைக் குறிக்கிறதோ அந்தப் பெயருக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

ஒரே பத்தியை மூன்று நாள் படியுங்கள். முதல் நாள் அகராதி இல்லாமல், என்ன சொல்லவருகிறது என்று மட்டும். இரண்டாம் நாள் பென்சிலும் அகராதியும். மூன்றாம் நாள் வாய்விட்டுப் படித்து, நூலை மூடிவிட்டு, தமிழிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். சொல்ல வந்தால் புரிந்தது.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்காகப் பலர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் வாசிப்புப் பகுதிக்கு 60 நிமிடம், 40 கேள்விகள். அதில் 'உண்மை', 'பொய்', 'சொல்லப்படவில்லை' என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வரும். மேலே உள்ள காபி வாக்கியத்தை வைத்து, 'சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றப்படுகிறது' என்று கேட்டால் என்ன விடை? ஏற்காட்டுத் தோட்டங்களைப் பார்த்தவர்கள் 'உண்மை' என்பார்கள், கண்ணால் பார்த்திருக்கிறார்களே. பத்தியில் மிளகுப் பேச்சே இல்லை. விடை 'சொல்லப்படவில்லை'. நமக்குத் தெரிந்ததை வாசலில் விட்டுவிட்டுப் பத்திக்குள் நுழைய வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் 'எந்த வரி?' என்று கேட்டு விரலை அதன்மேல் வையுங்கள். விரல் வைக்க வரி இல்லை என்றால் உங்கள் விடை உங்கள் ஊகம்.

காதுக்கும் கொஞ்சம்

சேலம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் நல்ல பயிற்சி நேரம். ஒரே அறிவிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்பதும் 'மே ஐ ஹேவ் யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்' என்பதும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று. தமிழ் அறிவிப்பில் 'வந்து சேரும்' கடைசியில், ஆங்கிலத்தில் ரயிலின் பெயருக்கு அடுத்து. காதால் பிடித்துப் பாருங்கள்.

வீட்டில் என்றால் பிபிசியின் ஆங்கிலம் கற்பிக்கும் தளத்தில் ஆறு நிமிட உரையாடல்கள் எழுத்துவடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கேளுங்கள், பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். கூடப் படிக்க ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அம்மாபேட்டையிலிருந்து வரும் இரண்டு சகோதரிகள் இரவு தறி நின்ற பிறகு ஒருவருக்கு ஒருவர் அட்டை காட்டிக் கேட்டே இரண்டாம் டப்பாவைக் காலி செய்தார்கள்.

ஆறாம் வகுப்பு நூல் முடிந்தால் எட்டு, பிறகு பத்து. பத்தாம் வகுப்பு நூலின் உரைநடை தடையில்லாமல் ஓடுகிறது என்றால் ஆங்கில நாளிதழில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்துக்குப் போகலாம். மேட்டூர் அணையின் நீர்மட்டம், மலர்க்காட்சி, சாலை வேலை என்று செய்தி ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். மொழி மட்டும் மிஞ்சும். தலையங்கம் அதற்கும் பிறகு.

லாட்ஜ் தங்கை ஏறக்குறைய நான்கு மாதம் ஞாயிறுதோறும் மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வந்தாள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அட்டையை எடுத்தால் தலை சுற்றுகிறது என்று அடிவாரம் வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பாளாம். போன மாதம் இன்னொரு மின்னஞ்சலைக் காட்டினாள். இந்த முறை அவள் அனுப்பியது. அதிகாலையில் வந்து சேரும் குடும்பம் ஒன்று, தாங்கள் கேட்டிருந்த அறை கிடைக்குமா என்று எழுதியிருந்தார்கள். பதிலை யாரிடமும் கேட்காமல் அவளே எழுதியிருந்தாள்: "தி ரூம் யூ புக்ட் ஃபார் யுவர் பேரன்ட்ஸ் இஸ் ரெடி."